நாச்சி மலை ஏறிய நாள்

"மடி நிறைஞ்சு போச்சு! எல்லாரும் ஓடி வாங்க!"

பாண்டிருப்புக் கரையிலிருந்து அந்தக் கூச்சல் கேட்டபோது தக்சாயினி சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே ஓடினாள். ஒழுங்கை முழுக்கச் சனம் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

அவளுடைய மாமனார் தம்பிமுத்துவின் கரைவலைதான். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்த மனுசன் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. வலையின் மடிக்குள் பாரை மீன். பாரை, பாரை, வேறொன்றும் இல்லை. இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து பாசியையும் நண்டுக் குஞ்சையும் இழுத்து அலுத்துப்போன கைகள் அன்றைக்கு இழுக்க முடியாமல் திணறின. வழியில் போனவர்களும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள்.

"புள்ள, கண்டிக்குப் போன் அடி!" என்று தண்ணீருக்குள் நின்றபடியே கத்தினார் தம்பிமுத்து. "அந்த ஸப்னாப் புள்ளைக்கு இப்பவே சொல்லு!"

கண்டியில் மொத்தமாக மீன் எடுக்கும் ஸப்னா முன்பே ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். நல்ல பாரை விழுந்தால் இடையில் ஆள் வைக்காமல் நேரே தன்னிடம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். ஒருமுறை சரியாகக் கொண்டுவந்து காட்டிவிட்டால் இனி எப்போதும் தம்பிமுத்து வீட்டு மீன்தான். அந்த வீடு எத்தனையோ வருசமாகக் காத்திருந்த வார்த்தை அது.

தக்சாயினி போன் அடித்தாள். ஸப்னா இரண்டே வசனத்தில் முடித்தாள்.

"மஃரிபுக்கு முன்னுக்கு, பொழுதுபடுறதுக்குள்ள வந்தா முழுக்க எனக்கு. பிந்தினா திருமலை லொறி வருது, அதத்தான் எடுப்பன்."

மீன் இருந்தது. ஐஸ் இருந்தது. குளிர்ப்பெட்டி பூட்டிய லொறியும் வாசலில் நின்றது. அதன் நெற்றியில் சிவப்பில் 'நாச்சி' என்று எழுதியிருக்கும். இல்லாதது சாரதி மட்டும்தான்.

ஐஸ் கட்டும் இடத்தில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்ட நாளிலிருந்து, தக்சாயினியின் கணவன் கோகிலன் மாக்கட்டுப் போட்ட காலை ஒரு கதிரையில் நீட்டிக்கொண்டு மற்றக் கதிரையில் இருக்கிறான். இருந்த இருப்பில் அவனால் செய்ய முடிந்த ஒரே வேலை சண்டை பிடிப்பது. போன கிழமை தம்பி வினோதனோடு அவன் பிடித்த சண்டையை ஊரே நின்று கேட்டது.

சண்டைக்குக் காரணம் கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டி. கட்டாரில் வாகனத் திருத்தகத்தில் வேலை செய்துவிட்டு வந்த வினோதன் அங்கிருந்து கொண்டுவந்த டியூனர். அதை நாச்சியின் எஞ்சினில் பூட்டியிருந்தான், இழுவை கூடுமாம். "என்ட லொறிய உன்ட விளையாட்டுச் சாமான் ஆக்காத! கழட்டி எறி!" என்று கோகிலன் கத்தியதுதான் கடைசி வார்த்தை. அதன்பிறகு அண்ணனும் தம்பியும் முகம் பார்க்கவில்லை.

"அப்பா, நான் ஓடுறன்" என்று இப்போது முன்னுக்கு வந்தவனும் வினோதன்தான். "கட்டார்ல இதவிடப் பெருசெல்லாம் ஓடினனான்."

"இஞ்ச உனக்கு லைசன் இல்ல. பொலிஸ் பிடிச்சா மீனும் போகும் லொறியும் போகும்."

"அங்கால கரையில மீன் ஏத்துற ஆதம்பாவாக் காக்காட லொறியக் கேட்டா?"

"அவர் சாய்ந்தமருதில ஏத்திட்டு வெளிக்கிட்டாராம்."

மீன் கரையில் மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று காலையிலேயே சுடத் தொடங்கியிருந்தது.

"நான் ஓடுறன் மாமா" என்றாள் தக்சாயினி.

யாரோ சிரித்தார்கள். தம்பிமுத்து சிரிக்கவில்லை. வீரமுனையில் நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்டரைப் பதினெட்டு வயதில் ஓட்டியவள் இந்த மருமகள் என்பது அவருக்குத் தெரியும். கோகிலன் பாரவாகன லைசன் எடுக்கப் போனபோது இவளும் கூடவே போய் எடுத்ததும் தெரியும். அந்த லைசன் அன்றிலிருந்து அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

"ஏத்துங்கடா மீன!" என்றார் அவர்.

வீட்டில் கதிரையிலிருந்த கோகிலன் சாவியை உடனே நீட்டிவிடவில்லை. கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"மகியங்கனை மலை உங்கட வயல் வரம்பில்ல தக்சி."

"தெரியும்."

"கீழ்க் கியர்லயே ஏறு. பின்னால ஆர் ஹோர்ன் அடிச்சாலும் அவசரப்படாத." பிறகு அவளைத் தாண்டித் தம்பியைப் பார்த்தான். "அந்தப் பெட்டி?"

"கழட்டச் சொன்னீங்கதானே அண்ணா" என்றான் வினோதன். சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான்.

தக்சாயினி சாவியைத் திருகினாள். நாச்சி உறுமிக்கொண்டு எழும்பியது. கியரைப் போட்டு லொறியைத் தெருவுக்கு எடுத்தாள். பயமா சந்தோசமா என்று யோசிக்க நேரமில்லை. காரைதீவுச் சந்தியில் திரும்பியபோது கடைக்கு வெளியே நின்றவர்கள் பிளேன்டீயைக் கையில் வைத்தபடி வாயைப் பிளந்தார்கள். வீரமுனைச் சந்தியில் அவளுடைய அப்பா வேலப்போடி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஹோர்னை நீட்டி அடித்தாள். அப்பா சைக்கிளை அப்படியே கீழே விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார்.

அம்பாறையைத் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகுதான் ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்காலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். கறுப்பாக ஒரு சிறிய திருகி. சுற்றிவர வெள்ளையில் பூச்சியத்திலிருந்து மூன்றுவரை இலக்கங்கள்.

"வினோ, இது என்ன?"

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"வினோ!"

"அண்ணனுக்குச் சொல்லிப்போடாதீங்க மச்சாள்."

"கழட்டல்லயா நீ?"

"கழட்டத்தான் இருந்தன்." அவன் இவள் பக்கம் திரும்பினான். முகத்தில் குற்ற உணர்வும் இருந்தது, அதைவிடக் கூடுதலாக ஆசையும் இருந்தது. "எஞ்சினுக்குள்ள ஒரு கொம்பியூட்டர் இருக்கு. எவ்வளவு டீசல் விடோணும் எண்டு அதுதான் முடிவெடுக்கும். இந்தப் பெட்டி அதுக்கிட்டப் போய், டீசல் அழுத்தம் காணாது எண்டு பொய் சொல்லும். அது நம்பிக்கொண்டு இன்னும் கூட ஊத்தும். அவ்வளவுதான் வித்தை."

"பொய் சொல்லி ஓடுற லொறியா?"

"ஒண்டில வைச்சா ஒரு பிரச்சினையும் இல்ல மச்சாள். சமதரை. போட்டுக் காட்டவா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முன்னால் உகணைப் பக்கம் நேரான தெரு, இரண்டு பக்கமும் வயல், ஒரு வாகனமும் இல்லை.

"காட்டு பாப்பம்" என்றாள்.

அவன் திருகினான்.

நாச்சி முதுகில் யாரோ தட்டியதுபோல் பாய்ந்தது. அவ்வளவு மீனையும் ஐஸையும் சுமந்துகொண்டிருக்கிற லொறி வெறும் லொறிபோல முன்னால் போனது. தக்சாயினி தன்னை அறியாமல் கத்திவிட்டாள். வினோதனும் கத்தினான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கொழுந்தனோடு அவள் இப்படிச் சிரித்ததில்லை.

மகாஓயாவுக்கு முன்னால் ஒரு நீல லொறி தெரிந்தது. சாய்ந்தமருது ஆதம்பாவாவின் லொறி. கல்முனைக் கரையில் அவரைவிட அதிகமாகக் கண்டிக்கு ஓடியவர் இல்லை. தக்சாயினி சமிக்ஞை போட்டாள், வலதுபக்கம் எடுத்தாள், மிதித்தாள். நீல லொறி பக்கத்தில் வந்து பின்னால் போனது. ஆதம்பாவாவின் வாய் 'ஆ' என்று திறந்தது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்று ஸ்டியரிங்கில் அடித்தாள் அவள்.

சந்தோசம் பதியத்தலாவை வரைதான். அங்கே கருங்கல் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று தெருவுக்குக் குறுக்கே குடைசாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வாகனங்கள் நீண்டன. வெயில் ஏறியது. குளிர்ப்பெட்டியின் ஓரத்தால் ஐஸ் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பாரந்தூக்கி வந்து, கல் அள்ளி, தெரு திறந்தபோது அவள் கணக்குப் போட்டு வைத்திருந்த நேரமெல்லாம் கரைந்துவிட்டது. ஸப்னாவிடமிருந்து போன் வந்தது.

"எங்க நிக்கிறீங்க? திருமலை லொறி வெளிக்கிட்டுட்டாம்."

"வந்திட்டம் ராத்தா. வந்துகொண்டே இருக்கம்."

ஹசலக்கையில் மலை தொடங்கியது. அடிவாரத்திலேயே வினோதன் கையை நீட்டித் திருகியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தான்.

"சுமையோட ஏறக்குள்ள இது கூடாது மச்சாள்."

நாச்சி பழைய நாச்சியானது. முதல் வளைவில் முனகியது. இரண்டாம் வளைவில் சைக்கிள்காரன் இறங்கி உருட்டுகிற வேகத்துக்கு வந்தது. தலைக்கு மேலே மலை அடுக்கடுக்காகத் தெரிந்தது. அந்த அடுக்கு ஒவ்வொன்றிலும் இப்படியே ஊர்ந்தால் சூரியன் விழுந்த பிறகுதான் கண்டி. மாமா தண்ணீருக்குள் நின்ற நிற்பு அவள் கண்ணுக்குள் வந்தது. எல்லோரும் இழுத்த மீன். தன்னை நம்பி ஏற்றிய மீன்.

அவள் கையை நீட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"மச்சாள்! மூண்டு வேணாம்!"

"சூட்டு முள்ளப் பாரு. நடுவிலதானே நிக்கிது?"

"அது தண்ணிட சூடு! உள்ளுக்க எரியிற சூட்ட அது காட்டாது. புகை போற குழாய்ச் சூட்டப் பாக்க வேற முள்ளு பூட்டோணும். நான் இன்னும் பூட்டல்ல."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியா."

தெரியாது என்று சொன்னவன் திருகியைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. அவன் கண்ணும் மேலே போகிற தெருவில்தான் இருந்தது. தான் கடல் கடந்து கொண்டுவந்த பெட்டி என்ன செய்யும் என்று பார்க்க அவனுக்கும் உள்ளூர ஆசை.

நாச்சி ஏறியது. எப்படி ஏறியது! ஒவ்வொரு கொண்டைவளைவிலும் தக்சாயினி ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்றி, நிமிர்த்தி, மிதித்தாள். மிதித்த இடத்தில் இழுவை இருந்தது. மரக்கறி லொறி ஒன்றைத் தாண்டினாள். வான் ஒன்று தானாகவே ஒதுங்கி வழி விட்டது. பள்ளத்தில் மகியங்கனைச் சமவெளி வயலும் ஆறுமாகச் சிறுத்துக்கொண்டே போனது. பின்கண்ணாடியில் கரும்புகை திரைபோல் எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் காலை எடுக்கவில்லை. முள் நடுவிலேயே நின்றது.

பாதி மலைக்கு மேல் ஏறியபோது ஒரு விசில் சத்தம் கேட்டது.

"என்ன அது?"

"காலை எடுங்க" என்றான் வினோதன். குரல் மாறியிருந்தது. "மச்சாள், காலை எடுங்க!"

எடுப்பதற்குள் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் டக், டக், டக் என்று தொடங்கியது. மிதித்தாள். இழுவை இல்லை. வளைவின் நடுவில், ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் பள்ளம். முன் கண்ணாடிக்கு வெளியே நீலமாகப் புகை. எண்ணெய் கருகும் நாற்றம். பின்னால் பஸ் ஒன்று ஹோர்னைக் கிழித்துக்கொண்டு வந்தது. நாச்சி நின்றது. நின்ற இடத்திலிருந்து மெதுவாகப் பின்னுக்கு வழுகத் தொடங்கியது.

"கட்டை! கட்டையப் போடு!"

வினோதன் பாய்ந்துவிட்டான். தக்சாயினி பிரேக்கில் எழும்பி நின்றாள் என்றே சொல்லலாம். கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். எஞ்சின் செத்துவிட்டால் பிரேக்கும் கல்லாகிவிடும் என்று தெரிந்தபடியால், அடித்துக்கொண்டு கிடந்த அந்த எஞ்சினை விடாமல் உயிரோடு வைத்திருந்தாள். கீழே மரக்கட்டை சில்லுக்குள் இறுகும் சத்தம் கேட்டது. பிறகு கல். இன்னொரு கல். நாச்சி அசையாமல் நின்றது.

அவள் சாவியைத் திருப்பினாள். மலை முழுக்க ஒரேயடியாக அமைதியானது.

இறங்கி வந்தபோது வினோதன் எஞ்சின் எண்ணெய் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்துகொண்டிருந்தான். உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. அவன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தெருவில் குந்தினான்.

"பிஸ்டன் ஒண்டு உருகிட்டு மச்சாள். டர்போவும் போயிருக்கும்."

"முள்ளு நடுவிலதானே நிண்டது…"

"கூட ஊத்தின டீசல எரிக்கக் காத்துக் காணாது. அந்த நெருப்பெல்லாம் பிஸ்டன்ட தலையில நிண்டுதான் எரிஞ்சது. தண்ணி கொதிக்க முந்தி இரும்பு போயிடும்." அவன் முகத்தைத் துடைத்தான். கையிலிருந்த எண்ணெய் முகத்தில் பூசியது. "கட்டார்ல வெறும் வாகனத்தில பூட்டி மணலுக்குள்ள கொஞ்ச நேரம் ஓடுவாங்க. மறுகா ஆறவிடுவாங்க. ஒருத்தனும் மீன் ஏத்திக்கொண்டு மலை ஏற மாட்டான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தன்."

"திருகினது நான்."

"பூட்டினது நான்."

அதற்கு மேல் சண்டை பிடிக்கவும் நேரம் இல்லை. பஸ் கொண்டக்டர் சிங்களத்தில் கத்திக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் சனம். அதற்கும் பின்னால், கீழ் வளைவில், ஒரே சீராக முனகிக்கொண்டு ஏறிவந்தது ஒரு நீல லொறி.

ஆதம்பாவா இறங்கினார். புகையைப் பார்த்தார். திருகியைப் பார்த்தார். வினோதனைப் பார்த்தார். தக்சாயினி திட்டுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தங்கச்சி, மீன் நல்லா இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இருக்கு காக்கா. ஐஸ்தான் கரையிது."

"என்ட லொறியில பாதி வெறுமையாத்தான் கிடக்கு. எங்கட கரைக்கு இண்டைக்குப் பெருசா ஒண்டும் விழல்ல. மாத்துங்க, சுறுக்கா!"

பிறகு நடந்ததைத் தக்சாயினி பல நாள் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நாச்சிக்கு முன்னால் நீல லொறியும் தெருவை அடைத்து நிற்க, மீன் பெட்டிகளை மாற்றாமல் தெரு திறக்காது என்று புரிந்ததும் பஸ் கொண்டக்டரே சட்டைக் கையை மடித்தான். பஸ்ஸில் வந்த பொடியன்மார், கங்காணி மாதிரி ஒருவர், கலியாணத்துக்குப் போகிற உடுப்போடு மூன்று பெண்கள் என்று நாச்சியிலிருந்து நீல லொறிவரைக்கும் ஒரு வரிசை நின்றது. பெட்டிகள் கைமாறிக் கைமாறிப் போயின. சிங்களத்திலும் தமிழிலும் பகிடிகள் போயின. ஒரு பெட்டி தவறி விழுந்து பாரை ஒன்று பள்ளத்துப் பக்கம் வழுக்கியபோது கலியாணப் பெண்களில் ஒருத்தி செருப்புக் காலால் அதை மிதித்துப் பிடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உயிர் போய் வந்ததை மறந்து தக்சாயினியும் தட்டினாள். மிஞ்சிய பெட்டிகளை ஆதம்பாவா தன் மீன்மேல் அடுக்கிக் கயிறு போட்டார்.

"நீங்க மீனோட போங்க மச்சாள்" என்றான் வினோதன். "நாச்சியத் தனிய விடேலாது. நான் நிக்கிறன். அண்ணனுக்கும் நானே சொல்லுறன்."

லொறி பழுதான செய்தியைத்தான் சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். தலையாட்டிவிட்டு ஏறினாள்.

நீல லொறி தன்பாட்டில் ஏறியது. ஹுன்னஸ்கிரியா, தெல்தெனியா என்று ஒவ்வொரு ஊராகப் பின்னால் போனது. கண்டிக்குள் நுழையும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. ஸப்னா கடைக்கு வெளியே நடுத்தெருவில் நின்றாள். முதல் பெட்டியை அவளே திறந்தாள். பாரை ஒன்றைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ்! என்ன மீன்! திருமலை லொறி இன்னும் வரல்ல, இனி வந்தாலும் எனக்குத் தேவையில்ல. முழுக்க இறக்குங்க!"

தக்சாயினி அந்த இடத்திலேயே ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துவிட்டாள். செய்துவிட்டோம். மாமாவுக்குச் சொல்ல வேண்டும். ஆதம்பாவா முதுகைக் காட்டிக்கொண்டு வியர்வையைத் துடைத்தார். ஸப்னா சோடாப் போத்தலை உடைத்து நீட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தக்சாயினியின் போன் அடித்தது.

கோகிலன்.

"இஞ்சேருங்க, மீன் முழுக்கக் குடுத்திட்டம்! ஸப்னா ராத்தா முழுக்க…"

"தம்பி எல்லாம் சொன்னான்." அவன் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. ஏதோ வாகனத்துக்குள் இருந்தான். "பெட்டியக் கழட்டாம விட்டதும் அவன்தானாம். மூண்டில போட்டதும் அவன்தானாம். நீ வேணாம் வேணாமெண்டு கத்தினியாம்."

தக்சாயினி எழும்பி நின்றாள்.

"நீயும் பள்ளத்துக்குள்ள போயிருப்பாய் தக்சி! இண்டையோட எனக்குத் தம்பி இல்ல. அவனுக்கும் சொல்லிட்டன். வான் ஒண்டு பிடிச்சு வந்துகொண்டிருக்கன். நாச்சிட சாவிய வாங்கிட்டு, போடா எங்கயாவது எண்டு…"

"இல்ல! கேளுங்க! மூண்டில போட்டது நான். நான்தான். அவன் வேணாமெண்டுதான் கத்தினான். கேக்குதா? நான்தான் போட்டன்!"

காற்று இரைந்தது. பிறகு அதுவும் இல்லை. பதியத்தலாவைக் காட்டுக்குள் எங்கோ தொடர்பு அறுந்துவிட்டது.

கேட்டானா, கேட்கவில்லையா? மறுபடி எடுத்தாள். போகவில்லை. வினோதனுக்கு எடுத்தாள். அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை அடிக்கவே இல்லை.

"என்ன தங்கச்சி?" என்றார் ஆதம்பாவா.

அவள் சொன்னாள். ஒன்றையும் ஒளிக்காமல், ஸப்னாவின் முன்னாலேயே சொன்னாள். ஸப்னா கடைக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

"காக்காட மீன் இன்னும் இறக்கி முடியல்ல. எங்கட சின்ன லொறி ஒண்டு பின்னால நிக்கிது, ட்ரைவர் லீவு. ஓடுவீங்களா?"

"சாவியத் தாங்க ராத்தா."

சின்ன லொறி எந்த அவசரமும் இல்லாத லொறி. மிதித்தாலும் அதன் வேகம்தான். தக்சாயினி பல்லைக் கடித்துக்கொண்டு அதன் வேகத்துக்கே விட்டாள். தெல்தெனியாவில் மஃரிப் பாங்கு கேட்டது. ஹுன்னஸ்கிரியாவில் பனி இறங்கியது. இறக்கத்தில் கீழ்க் கியரைப் போட்டு, வளைவு வளைவாக எண்ணாமல் கொள்ளாமல் இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும், தெருவோரத்தில் தனியாக நடந்துபோகிற ஓர் ஆளின் முதுகு விளக்கு வெளிச்சத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்தாள்.

நாச்சி விட்ட இடத்திலேயே நின்றது. சில்லுக்குள் கல். முன் இருக்கையில் யாரும் இல்லை.

"வினோ!"

அவள் லொறியைச் சுற்றி வந்தாள்.

"டேய் வினோ!"

லொறிக்கு அடியில் ஏதோ அசைந்தது. முதலில் இரண்டு கால்கள் வந்தன. பிறகு எண்ணெய் குளித்த சேட்டு. பிறகு அவன். எஞ்சினுக்குக் கீழே இருந்த எண்ணெய்த் தட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அழுத முகம் என்பது அந்தக் கருக்கலிலும் தெரிந்தது.

"போன் செத்திட்டு மச்சாள்" என்றான். "அண்ணன் வாறாராம். வாறதுக்குள்ள எவ்வளவு சேதமெண்டாவது பாத்து வைப்பமெண்டு…"

"ஏன்டா பொய் சொன்ன?"

"உங்களத் திட்டினா நீங்க இனி ஸ்டியரிங்கப் பிடிக்க மாட்டீங்க" என்றான் அவன். "அந்த ஓட்டம் ஓடின ஆள் நிப்பாட்டக் கூடாது."

அவள் அவன் தோளில் ஓர் அடி போட்டாள்.

அப்போதுதான் கீழ் வளைவில் வெளிச்சம் திரும்பியது. ஒரு வான். மலையை ஏறி, நாச்சியின் பின்னால் வந்து, பிரேக் அடித்து நின்றது. பக்கக் கதவு இழுபட்டது. முதலில் ஒரு ஊன்றுகோல் வெளியே வந்து தெருவில் ஊன்றியது. பிறகு வெள்ளையாக மாக்கட்டுப் போட்ட கால்.

வினோதன் ஓரடி பின்வாங்கினான்.

தக்சாயினி ஓரடி முன்னால் போய், அவனை மறைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேரே நின்றாள்.